பனங்கூடலுக்குள்ளே ஒரு கதிர்

யாழ்ப்பாணத்தில கேம் செய்யப் பழகுகிற பிள்ளைகளின்ர கோட் பார்க்கக் கிடைத்தால், பக்கத்தில் என்ன நிற்கிறது என்றறிய ரேகாஸ்டைத்தான் முதலில் காண்கிறேன்: ஒரு புள்ளியிலிருந்து ஒரு கதிரை விட்டு, அது எதில் முட்டுகிறது என்று பார்ப்பது. கதிருக்குத் தடிப்பே இல்லையப்பா! வடலிகளுக்கு நடுவால் நூலாய்ப் போய்விடும். ஆடு ஒரு சாண் விலகி நின்றாலும் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் பதில். சுற்றிவர எட்டுக் கதிர் விட்டாலும், தூரம் கூடக்கூட இடைவெளியும் கூடும்.

யுனிட்டி கேம் எஞ்சினில் பக்கத்தில் நிற்பதை அறிய ஓவர்லாப்ஸ்பியர் இருக்கிறது. ஆரத்துக்குள் அகப்படும் கொலைடர் (பொருளின் மோதல் வடிவம்) எல்லாவற்றையும் தரும், வேலிக்கு அங்கால நிற்பதையும் சேர்த்து. (எங்கட கிடுகுவேலிக்கு அது மரியாதை குடுக்காது.) பிறகு அகப்பட்ட ஒவ்வொன்றையும் நோக்கி ஒரு கதிர்: நடுவில் ஏதும் மறிக்கிறதா? ரேகாஸ்ட் இருப்பதே இந்தக் கேள்விக்குத்தான். 1992இல் வுல்ஃபன்ஸ்டைன் 3டி என்ற கேம் சுவர்களை வரைந்ததும் இப்படித்தான். திரையின் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு கதிர், அது முதலில் எந்தச் சுவரில் முட்டுகிறது என்று பார்த்தார்கள்.

இன்னொன்று. கதிர் புறப்படும் புள்ளி ஒரு கொலைடருக்கு உள்ளே இருந்தால், யுனிட்டியின் 3டி ரேகாஸ்ட் அந்தக் கொலைடரைக் காணாது. 2டியில் நீங்கள் மாற்றாதவரை காணும். 2டி கேமுக்குள் ஓடுகிற பிள்ளையின்ர உடம்பிலேயே கதிர் முட்டி நிற்பது அதனால்தான். அதைத் தவிர்க்க, கதிர் எந்த லேயர்களில் முட்டலாம் என்று சொல்லும் லேயர் மாஸ்க்கை மட்டும் மறந்திடாதேங்கோ.