ஐஸ் பெட்டிக்குள் சுருட்டு



பொங்கலுக்கு தாமல் வந்தவர்களில் யாரோ ஒருவர் அண்ணனின் தறிக்குழிக்குள் இருக்கும் நீல ஐஸ் பெட்டியைப் படம் எடுத்து நம் குழுவில் போட்டுவிட்டார். அன்று முதல் "டீச்சர், உள்ளே நிஜமாவே சுருட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஆமாம், சுருட்டுதான். புகையின் தீமை பற்றி ஐந்தாம் வகுப்பில் எங்களைக் கட்டுரை எழுத வைத்தவர் இப்படிச் செய்யலாமா என்று கேட்ட பெரிய மனிதருக்கும் சேர்த்தே விவரமாக எழுதிவிடுகிறேன்.

அண்ணனுக்கு 74 வயது. நாற்பது வருஷத்துக்கு மேல் தறிக்குழியில் கால் வைத்துப் பட்டு நெய்தவர். தறி ஓடும்போது வாயில் சுருட்டு இருக்காது. பட்டு வாசனையைப் பிடித்துக்கொள்ளும். ஒரு பொறி விழுந்தால் பாவே போச்சு. பொழுது சாய்ந்து திண்ணைக்கு வந்த பிறகுதான் ஒன்று. அண்ணியும் போய், தறியும் நின்ற பிறகு அந்த ஒன்று நான்காகிவிட்டது. போன வருஷம் மூச்சிரைப்பு வந்தது. அடியோடு விடச் சொன்னார் டாக்டர். "ஒண்ணுக்கு வந்துடறேன், அதுக்கு மேல கேக்காதே" என்றார் அண்ணன்.

ஒன்றுக்கு வருவதில் நான் எதிர்பார்க்காத ஒரு சிக்கல் இருந்தது. அவர் பிடிப்பது உறையூர்ச் சுருட்டு. திருச்சிப் பக்கம் போகிறவர்கள் யாராவது 50 வாங்கி வருவார்கள். நாளுக்கு நான்கு என்றால் பன்னிரண்டு நாளில் தீரும். நாளுக்கு ஒன்று என்றால் ஏழு வாரம் கெடாமல் வைத்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில் பிஸ்கட் டப்பாவில் பத்தே நாளில் மேல் இலை வெடித்துவிடுகிறது. காய்ந்த சுருட்டு வேகமாகவும் சூடாகவும் எரியும், தொண்டையைக் காந்தும். "வீணாப் போறதுக்குள்ள பிடிச்சிடறேன்" என்று மறுபடியும் மூன்று, நான்கு. ஐப்பசி மழையிலோ பூசணம் பூத்துவிடும் என்று அதே அவசரம். காசு கொடுத்து வாங்கியதைத் தூக்கி எறிய அவருக்கு மனசு வராது. ஆக, சுருட்டு கெடாமல் இருந்தால்தான் மனிதர் குறைவாகப் பிடிப்பார் என்று எனக்குப் பட்டது. என் மகன் சிரித்தான். சிரிக்கட்டும்.

வெளிநாடுகளில் சுருட்டு வைக்கவே 'ஹியூமிடார்' என்று மரப்பெட்டி விற்கிறார்கள். நல்ல பெட்டியின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதற்குப் பதில் பிக்னிக் ஐஸ் பெட்டியையே மாற்றிக்கொள்கிறவர்கள் ஏராளம் என்று சொன்னது துபாயில் ஓட்டல் வேலை பார்க்கும் நம் பழைய மாணவன். சுருட்டு என்னவோ நம் ஊர்ச் சமாசாரம்தான். ஆங்கிலத்தின் 'செரூட்' என்ற சொல்லே நம் 'சுருட்டி'லிருந்து போனது. 1887-ல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் தரையில் கிடந்த சாம்பலை வைத்தே, கொலைகாரன் பிடித்தது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுபிடிப்பார்.

வீட்டில் 25 லிட்டர் பெட்டி ஒன்று சும்மா கிடந்தது. சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, பிளாஸ்டிக் வாசனை போகும்வரை மூடியைத் திறந்தே மூன்று நாள் காற்றாட வைத்தேன். வாசனை சோப்பும் பினாயிலும் பக்கத்திலேயே வரக் கூடாது, புகையிலை எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும். அடியில் தண்ணீர் வடியும் துளையை இறுக அடைத்தேன். துபாய்ப் பையன் அனுப்பிய காலி சுருட்டுப் பெட்டிகளைப் பிரித்து அந்தப் பலகைகளை உள்ளே தட்டாக வைத்தேன். அதற்கு ஸ்பானிஷ் சிடார் என்று பெயர். அது சிடாரும் இல்லை, ஸ்பெயின் மரமும் இல்லை. அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளில் வளரும் மரம், நம் வேம்பின் குடும்பம்!

சுருட்டுக்கு 65 முதல் 70 சதவீத ஈரப்பதம் வேண்டும். அதை அளக்கும் சின்ன மீட்டர் வாங்கினேன். மீட்டர் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது. பாட்டில் மூடியில் உப்பு வைத்து, குழையும் அளவுக்கு மட்டும் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் ஒரு நாள் வையுங்கள். 75 காட்ட வேண்டும். என்னுடையது 71 காட்டியது. அதனால் எப்போதும் நான்கு கூட்டிக்கொள்கிறேன். மழைக்காலத்தில் உப்பு ஏன் கசிகிறது என்று வகுப்பில் கேட்பேனே, நினைவிருக்கிறதா? காற்றின் ஈரம் 75-ஐத் தாண்டினால் உப்பு தண்ணீரை இழுக்கத் தொடங்கும். அதே கணக்குதான் இது. ஈரத்தை 65-ல் நிறுத்தி வைக்கும் பொட்டலங்களும் கடையில் கிடைக்கின்றன. ஈரம் குறைந்தால் விடும், கூடினால் வாங்கிக்கொள்ளும். இரண்டு போட்டிருக்கிறேன். மரப்பெட்டி தானே ஈரத்தைக் குடிக்கும், பிளாஸ்டிக் குடிக்காது. அதனால் அதிகம் போட்டால் பூசணம்தான். வாரம் ஒரு முறை திறந்து காற்று மாற்ற வேண்டும்.

வண்டு இன்னொரு தொல்லை. மிளகாய், மஞ்சள் டப்பாவில் வருமே அந்தச் சின்னப் பழுப்பு வண்டு, புகையிலையையும் விடாது. முட்டை இலைக்குள்ளேயே வந்துவிடும், சூடு ஏறினால் பொரியும். அதனால் புதுக் கட்டு வந்ததும் இரட்டைப் பையில் கட்டி நான்கு நாள் ஃப்ரீசர், ஒரு நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு, பிறகே பெட்டி. என் மருமகள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இட்லி மாவுக்குப் பக்கத்தில் சுருட்டு!

ஐஸ் பெட்டி தானாகக் குளிர்ச்சி தராது. வெளிச் சூடு உள்ளே போவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. எங்கே வைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அண்ணன்தான் குழியைக் காட்டினார். "சித்திரையிலும் கால் ஜில்லுனு இருக்கும்." தறியைப் பிரித்த பிறகு அந்தக் குழியைப் பலகை போட்டு மூடி வைத்திருந்தார், அவராக அதைத் திறந்ததை அன்றுதான் பார்த்தேன். ஏரி நிறைந்தால் குழியில் ஊற்றெடுக்கும் என்று மூன்று செங்கல் அடுக்கி, மட்டம் பார்த்து, பெட்டியை அவரே இறக்கினார். தினமும் காலையில் குனிந்து மீட்டர் பார்த்து என் பழைய மதிப்பெண் நோட்டு ஒன்றில் எழுதுகிறார். நான்கு கூட்ட மறப்பதே இல்லை.

ஐப்பசிக் கடைசியில் வைத்த 50 சுருட்டு 55 நாள் வந்தது. ஐந்து நாள் பிடிக்கவே இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. டாக்டர் இன்னும் அடியோடு விடத்தான் சொல்கிறார், அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஒரு சுருட்டும் கெடுதல்தான், பெட்டி அதை நல்லதாக்கிவிடாது. இதைப் படித்துவிட்டு யாரும் புதிதாகத் தொடங்கினால் இந்த வயதிலும் காதைத் திருக வருவேன்.

வெயில் காலத்தை இந்தப் பெட்டி இன்னும் பார்க்கவில்லை. சித்திரையில் மீட்டர் என்ன காட்டுகிறது என்று எழுதுகிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் தயவு செய்து அண்ணனுக்குச் சுருட்டு வாங்கி வர வேண்டாம். இப்போது 31 இருக்கிறது. நானும் எண்ணுகிறேன், அவரும் எண்ணுகிறார். பழம் வாங்கி வாருங்கள்.