மொய் நோட்டில் எழுதாத தொகை

சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில், ஒரே வாரத்தில், எங்கள் இல்லத்துக்கு இரண்டு அழைப்புகள் வந்து சேர்ந்தன. ஒன்று பெங்களூரிலிருந்து வந்தது. என் மனைவியின் தம்பி மகன் பொறியியல் பட்டம் பெற்றதை முன்னிட்டு, ஒரு பெரிய விடுதியில் விருந்து. மற்றொன்று எங்கள் தெருவிலிருந்தே வந்தது. என்னோடு ஆலையில் பணியாற்றிய நண்பரின் மகள் கிருஷ்ணகிரி அரசு மகளிர் கலைக் கல்லூரியில் வணிகவியல் பட்டம் பெற்றிருந்தாள். மாலையில் வீட்டு வாசலில் பந்தலிட்டு, சிற்றுண்டி கொடுப்பதாக நண்பரே நேரில் வந்து அழைத்தார். அழைப்பிதழ் அச்சிடவில்லை என்று சொல்லும்போது அவர் சற்றே கூசினார்.

அன்றிரவு எங்கள் வீட்டில் எழுந்த கேள்வி, வாசக அன்பர் பலரது வீட்டிலும் எழுந்திருக்கும் கேள்விதான். யாருக்கு எவ்வளவு கொடுப்பது?

திருமணம், காதணி விழா, புதுமனை புகுவிழா ஆகியவற்றுக்கு நம் முன்னோர் வழி வகுத்துச் சென்றிருக்கின்றனர். மொய் நோட்டைப் புரட்டினால், அவர் நமக்கு என்ன எழுதினார் என்பது தெரியும். அதற்குக் குறையாமல், இயன்றால் சற்றுக் கூட்டி நாம் எழுதுவோம். நூறோடு ஒன்று, ஐந்நூறோடு ஒன்று என ஒற்றை ரூபாயைச் சேர்ப்பதும் மரபு. முழுத் தொகையாகக் கொடுத்தால் கணக்கு முடிந்துவிடும், ஒரு ரூபாய் சேர்த்தால் உறவு தொடரும் என்று என் தாயார் சொல்லுவார்.

எல்லையோரத்தில் வாழும் நமக்கு இந்த வழக்கம் மூன்று மொழிகளிலும் அறிமுகமானது. ஓசூரில் கன்னடம் பேசும் அண்டை வீட்டார் இதனை 'முய்யி' என்பர். தெலுங்கு பேசுவோர் 'சதிவிம்புலு' என்பர். 'படித்துக் கூறுதல்' என்னும் பொருளில் பிறந்த சொல் அது. யார் எவ்வளவு கொடுத்தார் என்று சபையில் உரக்கப் படிப்பதால் அப்பெயர். புதுக்கோட்டை, தஞ்சைப் பகுதிகளிலோ, ஆடி மாதத்தில் 'மொய் விருந்து' என்றே தனியாக நடத்துகின்றனர். அங்கே மணமக்கள் இல்லை, காது குத்தும் குழந்தையும் இல்லை. விருந்து வைத்துப் பணம் திரட்டுவது ஒன்றே நோக்கம். தேவைப்பட்டவருக்கு ஒரே நாளில் பெருந்தொகை கிடைக்கிறது. பிறகு ஒவ்வொருவர் விருந்துக்கும் சென்று அவர் அதனைத் திருப்புகிறார். வட்டியில்லாக் கடனே விருந்தின் உருவில் வருகிறது.

ஆனால் பட்டம் பெற்றதற்கு என்ன மொய்? அதற்கு மரபு இல்லை. நான் இளைஞனாயிருந்த நாளில் எங்கள் ஊரான எலத்தகிரியில் பட்டதாரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஓசூரில் ஆலைகள் எழுந்த காலம் அது. 1980-இல் 'டி.வி.எஸ். 50' இங்கிருந்து உருண்டோடியது. 1984-இல் டைட்டன் நிறுவனம் தொடங்கப்பெற்றது. தொழிற்பயிற்சி முடித்த எங்களைப் போன்றோர் 1986-ஆம் ஆண்டளவில் ஓசூரை நோக்கி வந்தோம். நெல்லையிலிருந்தும் மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தவர் தத்தம் ஊர் மொய் வழக்கத்தையும் கையோடு கொண்டுவந்தனர். பட்டமளிப்பு என்னும் சொல் மட்டும் எவர் நோட்டிலும் இல்லை.

இனி எங்கள் வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். 2016-இல் எங்கள் மகன் பட்டம் பெற்றபோது, மைத்துனர் 10,001 ரூபாய் கொடுத்தார். நண்பர் 201 ரூபாயும், தளிப் பக்கத்திலிருந்து வாங்கிவந்த ஒரு ரோஜா மாலையும் கொடுத்தார். நோட்டு காட்டும் வழியில் சென்றால், பெங்களூருக்குப் பதினாயிரத்தொன்று, பக்கத்து வீட்டுக்கு இருநூற்றொன்று. இந்த இரண்டுக்குமாக எங்களிடம் இருந்தது பன்னிரண்டாயிரம். நான் ஓய்வு பெற்றவன். ஓய்வூதியம் மின்கட்டணத்துக்கும் மருந்துக்கும் சரியாகிவிடும்.

"என் தம்பி கொடுத்ததை அப்படியே திருப்பிவிட வேண்டும். பிறந்த வீட்டார் முன்னிலையில் நான் தலைகுனிந்து நிற்கமாட்டேன்" என்றாள் என் மனைவி.

அவள் கூற்றில் நியாயம் இருந்தது. பெண்ணுக்குப் பிறந்த வீட்டு மதிப்பு சிறிய பொருளன்று. ஆயினும், காரும் வீடும் உள்ள இல்லத்துப் பிள்ளைக்குப் பதினாயிரம், தன் குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் பெற்ற பெண்ணுக்கு இருநூறு என்பது எனக்கு நெஞ்சில் முள்ளாய் உறுத்தியது. அப்பெண் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவள். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதந்தோறும் வந்த ஆயிரம் ரூபாயில்தான் பேருந்துச் செலவையும் புத்தகச் செலவையும் முடித்துக்கொண்டாள்.

"அப்படியானால் நண்பர் மகளுக்கு ஐயாயிரம் எழுதிவிடுகிறேன்" என்றேன்.

மனைவி என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "மறுபடியுமா?" என்றாள்.

அந்த ஒரு சொல் என்னை ஊமையாக்கிற்று. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 2008-இல் நண்பர் ஒரு சிறு ஓட்டு வீடு கட்டிப் புகுவிழா நடத்தினார். அன்று நான் 5,001 ரூபாய் எழுதினேன். ஒலிபெருக்கியில் என் பெயர் ஒலித்தபோது உள்ளம் குளிர்ந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. மறு ஆண்டு எங்கள் மகளின் புதுநன்மை விழாவுக்கு அவர் 5,501 ரூபாய் கொண்டுவந்தார். நான் மகிழ்ந்து பெற்றுக்கொண்டேன். மூன்று ஆண்டுகள் கழித்து, பேச்சுவாக்கில் அவர் மனைவி என் மனைவியிடம் சொல்லித்தான் எங்களுக்கு உண்மை தெரிந்தது. அந்தத் தொகைக்காக அவர் மனைவியின் காதுத் தோடுகள் அடகுக் கடைக்குப் போயிருந்தன. மீட்க இயலாமல் மூழ்கியும் போயின.

ஒப்பந்தத் தொழிலாளியின் தோளில், அன்பு என்ற பெயரால், நான் ஒரு சுமையை ஏற்றிவைத்திருந்தேன். கொடுத்தவன் மறந்தாலும் வாங்கியவன் மறக்க இயலாதபடி மொய் நோட்டு நினைவூட்டிக்கொண்டே இருக்கும். அதன்பின் எங்கள் இரு வீட்டாருக்கும் இடையே 201 என்பதே எழுதாத ஒப்பந்தமாயிற்று. அதை உடைத்து மீண்டும் ஐயாயிரம் எழுதினால், அவருக்கு நன்மை செய்தவனாவேனா, இன்னொரு தோட்டை அடகுக்கு அனுப்பியவனாவேனா?

இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சே குறைந்தது. மூன்றாம் நாள் மனைவியே வழி கண்டாள். "கொடுக்கிற நாம் இருவரும் நமக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று அவளை ஒரு வார்த்தை கேட்டோமா?" என்றாள்.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வந்ததும், அவளைத் தனியே அழைத்துக் கேட்டாள். முதலில் ஒன்றும் வேண்டாம் என்றவள், பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். கணக்கு எழுதும் மென்பொருளும் சரக்கு, சேவை வரிக் கணக்கும் கற்றுத்தரும் இரண்டு மாதப் பயிற்சி ஒன்று ஓசூரில் நடக்கிறதாம். அது தெரிந்தால் தொழிற்பேட்டையில் எந்தச் சிறு தொழிற்கூடத்திலும் கணக்கர் வேலை கிடைக்குமாம். கட்டணம் எட்டாயிரம். அப்பாவிடம் கேட்டால் கடன் வாங்குவார் என்று அஞ்சி, அவள் வாயே திறக்கவில்லை.

நான் உடனே பணத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "கடனாகத் தருவதானால் வாங்கிக்கொள்கிறேன், பெரியப்பா. வேலை கிடைத்ததும் மாதம் ஆயிரமாகத் திருப்பித் தருவேன். அப்பாவிடமும் நானே சொல்லிவிடுகிறேன்" என்றாள்.

பரிசாகக் கொடுக்க வந்தவனுக்கு அது ஏமாற்றமாகத்தான் இருந்தது. கடன் என்ற சொல்லே வேண்டாம் என்று நான் வாதிட்டேன். "அவள் பிச்சை கேட்கவில்லை. கேட்டபடியே கொடுங்கள்" என்று மனைவி கண்டித்தாள். கொடுத்தேன்.

பிறகு அவள் தன் தம்பிக்குத் தொலைபேசியில் பேசினாள். ஒளிக்காமல் சொன்னாள். "தம்பி, இந்த முறை எங்களால் இரண்டாயிரத்தொன்றுதான் முடியும்." மறுமுனையில் ஒரு கணம் மௌனம். பின்னர், "நீ வந்து பிள்ளையை வாழ்த்தினால் போதும், அக்கா" என்றார் அவர். விருந்தன்று அவர் எங்களை வாயாரப் போற்றினார். அவர் மனைவி மட்டும் எங்களோடு அதிகம் பேசவில்லை. எல்லாம் இனிதே முடிந்தது என்று எழுதினால் பொய்யாகும். ஆனால் இயலாததை இயலாது என்று சொல்லித் திரும்பிய அன்றிரவு, எங்களுக்கு நல்ல உறக்கம் வந்தது.

நண்பர் வீட்டுப் பந்தலில், நான் வழக்கம்போல் 201 ரூபாய் எழுதினேன். எண்ணைப் படித்த நண்பரின் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் மறக்கமாட்டேன். சபையில் அவர் எனக்குச் சமமாக நின்றார். மகள் கறுப்பு அங்கியணிந்து எடுத்துக்கொண்ட படத்தை, திருஇருதயப் படத்துக்குக் கீழே மாட்டியிருந்தார்கள். அவள் தாய் வருவோர் போவோரையெல்லாம் கைப்பிடித்து அழைத்துச் சென்று காட்டிக்கொண்டிருந்தாள். அவள் காதில் மெல்லிய கவரிங் தோடுகள்.

பின்னாளில் எண்ணிப் பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. மரபு இல்லாத காரியத்தில் நாங்கள் புதுவழி கண்டோம் என்று நினைத்தேன். உண்மையில் அப்பெண்தான் மொய்யின் பழைய பொருளை எங்களுக்கு மீட்டுத் தந்தாள். தேவை வந்த நாளில் கைகொடுப்பதும், கை நிமிர்ந்த நாளில் திருப்புவதுமே அதன் அடிப்படை. ஒலிபெருக்கியும் பெருமையும் போட்டியும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை.

ஆகவே, பட்டம் பெற்ற பிள்ளைக்கு எவ்வளவு கொடுப்பது என்று குழம்பும் குடும்பத்தாருக்கு, பட்டறிந்தவன் என்ற முறையில் மூன்று கேள்விகளை முன்வைக்கிறேன். இதனைக் கொடுத்த பின் நம் வீட்டு உலை தடையின்றிக் கொதிக்குமா? வாங்குகிறவர் இதனைத் திருப்ப நேர்ந்தால் அவர் வீட்டு உலை கொதிக்குமா? அந்தப் பிள்ளைக்கு இன்றைய தேவை என்னவென்று நாம் கேட்டறிந்தோமா? இம்மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால், தொகை தானே விளங்கிவிடும். அது நூறாகவும் இருக்கலாம், பதினாயிரமாகவும் இருக்கலாம்.

அப்பெண்ணுக்கு அக்டோபரில் வேலை கிடைத்தது. முதல் சம்பளம் வாங்கிய ஞாயிறன்று ஓர் உறையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். பிரித்துப் பார்த்தேன். இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களும், ஒரு ரூபாய் நாணயமும் இருந்தன.

"ஒரு ரூபாய் அதிகமாக இருக்கிறதே, அம்மா" என்றேன்.

"கடன் ஆயிரம்தான், பெரியப்பா. அந்த ஒன்று கடனில் சேராது" என்றாள்.

ஆயிரத்தை இன்னொரு பிள்ளையின் படிப்புக்கென மனைவி தனியே எடுத்துவைத்தாள். நாணயத்தை நான் மொய் நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.