அவசரத்துல விட்ட ஒரு கோப்பு

மகன் விட்டுட்டுப் போன பழைய கம்ப்யூட்டர்ல விண்டோஸ் எக்ஸ்பி போட உட்கார்ந்தேன். உங்களுக்கு இது சாதாரணம். எனக்கு ரெண்டு ராத்திரி.

பாதியில ஒரு கோப்பை நகலெடுக்க முடியலைன்னு நின்னுச்சு. என்டர் அமுக்கினா மறுபடி முயற்சி, எஸ்கேப் அமுக்கினா விட்டுட்டு அடுத்தது. விடிஞ்சா வாய்க்கால் முறைத்தண்ணி. அவசரத்துல எஸ்கேப் அமுக்கிட்டேன். எல்லாம் முடிஞ்சு திறந்தா, ‘ஹால் டாட் டிஎல்எல்’ காணோம்னு கருப்புத் திரை.

டவுன் கடைக்காரர், "ஹார்ட் டிஸ்க் போச்சு அண்ணே, புதுசு மாத்தணும்"னார். கையில இருந்தது உளுந்து வித்த காசு, உரத்துக்கு எடுத்து வச்சது. பேசாம திரும்பிட்டேன்.

வீட்டுல சிடியை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா ஒரே விரல் ரேகை, புழுதி. பழைய வேட்டித் துணியால நடுவுலருந்து ஓரத்துக்கு நேரா துடைச்சு, முதல்லேருந்து போட்டேன். ஒண்ணு விடாம ஏறிடுச்சு. ஆழமான கீறலா இருந்திருந்தா வேற சிடிதான் தேடியிருக்கணும்.

விதைக்கிறப்ப விட்டுப்போன இடம் அன்னைக்குத் தெரியாது, முளைச்ச பிறகுதான் சொட்டையாத் தெரியும். இதெல்லாம் தெரிஞ்ச நான்தான் எஸ்கேப் அமுக்கினேன்.

இப்ப சிடிக்கு ஒரு உறை தைச்சாச்சு. முறைத்தண்ணிக்கு முதல் நாள் கம்ப்யூட்டரைத் தொடறதில்லை.