திண்ணை வகுப்பு

வைப்பாற்றங்கரையில் அமைந்த வெம்பக்கோட்டை கரிசல் நிலத்தூர். மழை பொய்த்தால் விளைச்சல் இல்லை. பட்டாசும் தீப்பெட்டியுமே இவ்வட்டாரத்திற்குச் சோறிடும் தொழில்கள். பொழுது சாயும் வேளையில் ஆலை வண்டிகள் ஊருக்குள் வந்து நிற்க, விரல்களில் மருந்துப்பொடியின் சாம்பல் நிறம் மாறாத தாய்மார் இறங்குகின்றனர். தண்ணீர் எடுத்து உலைவைத்து நிமிர்வதற்குள் இரவு வந்துவிடும். பிள்ளையின் ஏட்டைப் புரட்டிப் பார்க்க அவர்களுக்கு ஏது நேரம்?

ஒருகாலத்தில் இப்பகுதியில் ஏடே இல்லாத பிள்ளைகள் இருந்தனர். விடியுமுன் வந்த ஆலை வண்டிகளில் தாய்மாரோடு சிறுவர் சிறுமியரும் ஏறிச் சென்றனர். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், சிவகாசிச் சிறாரை முன்னிட்டு உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று வழங்கிய தீர்ப்பும் அந்நிலையை மாற்ற உதவின. பள்ளிக்கு வந்த பிள்ளையைக் கொரோனாப் பெருந்தொற்று மீண்டும் வீட்டில் அமர்த்தியது. தொடக்கப் பள்ளிகள் ஒன்றரை ஆண்டுக்கு மேல் மூடிக் கிடந்தன.

அந்த இழப்பை ஈடுசெய்யவே தமிழ்நாடு அரசு 2021 அக்டோபர் 27 அன்று ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டத்தைத் தொடங்கியது. தொடங்கியபோது ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மாலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணிக்குள் அவர்கள் குடியிருப்பிலேயே வகுப்பு நடைபெற்றது. கற்பித்தோர் அதே ஊரைச் சேர்ந்த தன்னார்வலர்கள். தொடக்க வகுப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி போதுமானதாக இருந்தது. இதைப் படிக்கும் மாணவர் பலரும் அத்தகுதிக்கு ஓராண்டுத் தொலைவில்தான் இருக்கின்றனர். ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் முன்வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள்.

அப்போது மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. ஆலைக் கூலியாகச் சில நாள்களில் ஈட்டிவிடக்கூடிய தொகைதான் அது. அதற்காக மட்டும் ஒருவர் நாள்தோறும் இருபது பிள்ளைகளை எதிர்கொள்ள மாட்டார். பட்டம் பெற்றும் அடுப்படியோடு நின்றுவிட்ட பெண்ணைத் தெருப்பிள்ளைகள் ‘டீச்சர்’ என்று அழைக்கும் முதல் மாலையில் அவளுக்குக் கிடைப்பது வேறொன்று. அதை எந்தக் கணக்கேட்டிலும் எழுத இயலாது.

ஆள் சேர்ப்பது அவ்வளவு கடினமன்று. பயிற்சியும் அளித்துவிடலாம்: கதை, பாடல், விளையாட்டு வழியே கற்பிக்கும் முறைகளைச் சில நாள்களில் சொல்லிக்கொடுக்க முடியும். திண்ணையில் அமர்ந்த பிறகுதான் மெய்யான சிக்கல் தெரியவரும். கதைப்புத்தகத்தைக் கடகடவென்று படிக்கும் சிறுமிக்கு அருகிலேயே, அதே வகுப்பில் படித்தும் ‘ப’வையும் ‘ம’வையும் பிரித்தறியாத சிறுவன் இருப்பான். முன்னவளுக்குச் சலிப்பு வராமலும் பின்னவனுக்கு நாணம் வராமலும் ஒரு மணி நேரத்தை நடத்துவது, பயின்ற ஆசிரியருக்கே எளிதன்று.

இதனினும் கடினமான நாள்களும் உண்டு. திட்டம் தொடங்கிய அதே ஆண்டின் பிப்ரவரியில், சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் நேர்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய இழவு கண்ட வீட்டுப் பிள்ளை சில நாள் கழித்துப் பலகையோடு வந்து அமரும்போது என்ன சொல்வது? பெருக்கல் வாய்பாட்டைத் தொடர்வதா, பேசாமல் அருகில் அமர்ந்திருப்பதா? எந்தப் பயிற்சியும் இதற்கு முழு விடை தந்துவிடாது. பிள்ளையின் தாயையும் வீட்டையும் அறிந்த ஊர்க்காரிக்கே ஓரளவு தெரியும். தன்னார்வலர் உள்ளூராராக இருப்பதன் பெரும்பயன் இங்கேதான் இருக்கிறது.

ஆனால், அந்த ஊர்க்காரியே இடையில் நின்றுவிடுவதும் உண்டு. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் ஆலைகளில் வேலை குவியும்; தாய் வரத் தாமதமானால் சமையல் மகள் தலையில் விழும். திருமணம் கைகூடும். போட்டித் தேர்வு நெருங்கும். நின்றவரைப் பொறுப்பற்றவர் என்று பேசுவோர், அவருடைய மாலைப்பொழுது எவ்வாறு கழிகிறது என்று கேட்பதில்லை.

கேட்டவர்களும் இருந்தனர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவுப் பணியில் ஈடுபட்டது. அங்குத் தொண்டர்களுக்கு ஊதியம் இல்லை. வீதி நாடகமும் பாட்டும் ஆள் திரட்டின. ஊர்விட்டு ஊர் செல்ல வழியின்றிப் பெண் தொண்டர்கள் திணறியபோது, அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் ஊக்கமொழியோடு நின்றுவிடவில்லை. பெண்கள் மிதிவண்டி கற்க வழிசெய்தார். ஊரார் கேலி பேசியும் ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி ஏறினர். தொண்டரின் மன உறுதியை அளந்து பார்ப்பதைவிட, அவர் கால்களைத் தடுப்பது எது என்று தேடுவதே பயன் தரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

திண்ணை வகுப்பின் பயன் அளந்தும் பார்க்கப்பட்டிருக்கிறது. பெருந்தொற்றால் நேர்ந்த கற்றல் இழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதங்களில் மீட்கப்பட்டதாகவும், அம்மீட்பில் சுமார் 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வியால் விளைந்ததாகவும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளிடம் பொருளியல் அறிஞர்கள் நடத்திய ஆய்வு கூறுகிறது. தெருவிளக்கின் கீழும் கோயில் மண்டபத்திலும் நடந்த வகுப்புகளுக்கு இது சிறிய எண் அன்று.

வெம்பக்கோட்டையின் தேவை மிதிவண்டியாக இராது. வகுப்பு அடுத்த தெருவில்தானே நடக்கிறது. இருள் விழுந்தபின் எரிய ஒரு விளக்கு வேண்டியிருக்கலாம். தாய் தாமதிக்கும் பருவத்தில் முறைவைத்து வகுப்பெடுக்க, அதே தெருவில் இன்னொருத்தி வேண்டியிருக்கலாம். இன்று அவள் பதினோராம் வகுப்பில் படித்துக்கொண்டிருக்கவும் கூடும்.