நான்காவது கம்பி

கணக்குத் தெரியாதவன் ஏமாறுவான் என்பார்கள். பாதிக் கணக்குத் தெரிந்தவன் என்ன ஆவான் என்பதை நாம் 2004-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து இரவொன்றில் அறிந்துகொண்டோம்.

அவ்வாண்டு நமது வீட்டுக்கு மும்முனை மின் இணைப்புப் பெற்றோம். வயரிங் வேலைக்கு வந்தவர் நம்மினும் மூத்தவர். ஏட்டுப் படிப்பு அதிகமில்லாதவர். மீட்டரிலிருந்து உள்ளே வரும் சிவப்பு, மஞ்சள், நீலக் கம்பிகளைப் புதிதாக இழுத்தபின், "ஹஜரத், கறுப்பையும் மாற்றிவிடுவோம். பழையது இற்றுப் போயிருக்கிறது" என்றார். நாம் இசையவில்லை. செலவு ஒரு காரணம். மற்றொன்று, சொல்ல வெட்கமாயிருக்கிறது, நமது கல்விச் செருக்கு.

மத்ரஸாவில் ஓதிய காலத்தில், தொழுகை நேரங்களைக் கணிக்க உதவும் 'ருப்உல் முஜய்யப்' என்னும் கால்வட்டக் கருவியைக் கையாளக் கற்றிருந்தோம். அதன் பெயரிலேயே 'ஜைப்' இருக்கிறது. வில்லின் நாணைக் குறிக்கும் 'ஜீவா' என்ற வடசொல்லை அரபியர் 'ஜீப்' என எடுத்தாண்டனர். உயிர்க்குறியின்றி எழுதப்பட்டதால் அது 'ஜைப்' என்று வாசிக்கப்பட்டது. சட்டையின் மார்புத் திறப்பு, பை என்பன அதன் பொருள். 12-ஆம் நூற்றாண்டில் இலத்தீனுக்குப் பெயர்த்தவர்கள் அப்பொருளையே கொண்டு 'சைனஸ்' என்றனர். அதுவே இன்றைய 'சைன்'. வீட்டுக்கு வரும் மின்னழுத்தம் அந்தச் சைன் வளைவில்தான் நொடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. 230 வோல்ட் என்பது அதன் பயன்மதிப்பு. உச்சமோ அதனை 2-இன் வர்க்கமூலத்தால் பெருக்கி வரும் 325.

மூன்று முனைகளும் ஒன்றையொன்று 120 பாகை இடைவெளியில் பின்தொடர்கின்றன. ஒன்று 325-இல் நிற்கும் கணத்தில் மற்ற இரண்டும் எதிர்த்திசையில் 162.5, 162.5. கூட்டினால் சைபர். எக்கணத்தில் கூட்டினாலும் சைபர். (அச்சொல்லும் அரபியின் 'ஸிஃப்ர்' என்று, ஏணிமேல் நின்றவரிடம் அதையும் விளக்கினோம்!) "மூன்றும் சேர்ந்தால் ஒன்றுமில்லை. பிறகு நான்காவது கம்பியில் என்ன ஓடப்போகிறது, அண்ணே? பழையதே போதும்" என்றோம். அவர் மறுமொழி கூறவில்லை. பழைய கம்பியையே முறுக்கி இணைத்துவிட்டுப் போனார்.

மூன்று முனைகளிலும் சம அளவு மின்சாரம் எடுத்தால் மட்டுமே கறுப்புக் கம்பியில் சைபர் நிற்கும். வீட்டில் அது நடக்குமா? சிவப்பில் 10 ஆம்பியர் எடுத்து மற்றவற்றில் ஒன்றும் எடுக்காவிட்டால், அந்தப் பத்தும் கறுப்பின் வழியேதான் திரும்பியாக வேண்டும்.

ஐப்பசி மழையில் அக்கம்பி அறுந்தது. அப்போது சிவப்பில் வாளியில் போட்டிருந்த 1000 வாட் ஹீட்டர்; நீலத்தில் 100 வாட் குண்டு பல்பு; மஞ்சளில் எதுவுமில்லை. திரும்பும் வழி அற்றதும் ஹீட்டரும் பல்பும் ஒரே தொடராகி, இரு முனைகளுக்கிடையேயுள்ள அழுத்தத்தைத் தம்முள் பங்கிட்டன. அவ்வழுத்தம் 230-ஐ 3-இன் வர்க்கமூலத்தால் பெருக்கி வரும் 398. பல்பின் தடை 529 ஓம், ஹீட்டரின் தடை 52.9. எனவே பதினொரு பங்கில் பத்து பல்புக்கு; ஏறத்தாழ 362 வோல்ட். ஹீட்டருக்குக் கிடைத்தது 36. பியூஸ் ஏன் போகவில்லை என்று கேட்பீர்களாயின், ஓடிய மின்சாரம் ஓர் ஆம்பியரைக்கூட எட்டவில்லை.

வாளித் தண்ணீர் சூடேறாமல் கிடக்க, விளக்கு கண்கூசும்படி வெளுத்து எரிந்து வெடித்தது. அதன் கீழே நமது ஆறு வயது மகள் சிலேட்டில் அலிஃப், பே எழுதிக்கொண்டிருந்தாள். கண்ணாடிச் சில் ஒன்று புருவத்தின்மேல் பாய்ந்தது. இரண்டு தையல். விரற்கடை கீழே இறங்கியிருந்தால்... அந்நினைவை இன்றும் நாம் முழுதாக ஓடவிடுவதில்லை.

மறுநாள் அவரைக் கடிந்துகொள்ளவே ஆளனுப்பினோம். வந்தவர், அறுந்த முனையைக் கழற்றி நமது உள்ளங்கையில் வைத்தார். பச்சை பூத்து, தொட்ட இடத்தில் உதிர்ந்தது. "குழந்தை எப்படியிருக்கிறது, ஹஜரத்?" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. தாளும் எழுதுகோலுமாக அமர்ந்து அந்த 362-ஐ நாம் கண்டது அன்றிரவுதான்.

புதிய கறுப்புக் கம்பியை மற்ற மூன்றின் பருமனிலேயே போட்டார். கம்பியின் விலையை மட்டும் பெற்றுக்கொண்டு கூலி வேண்டாமென்றார். வேலை முடியும்வரை நாம் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.