அனுமந்தன்பட்டியில் ஒரு வீடு

கம்பம் பள்ளத்தாக்கில் வீடு காட்டுகிறவர்கள் முதலில் மலையைத்தான் காட்டுகிறார்கள். உத்தமபாளையத்தைத் தாண்டிக் கம்பம் சாலையில் வரும் அனுமந்தன்பட்டியிலும் அதே வழக்கம்தான். ஓய்வுபெற்ற பிறகு குடியேற இடம் தேடித் தாம்பரத்திலிருந்து வந்த தம்பதியைத் தரகர் நேராக வயல் வரப்புக்குக் கூட்டிப்போனார். மேற்கே கேரள எல்லை மலைகள், கிழக்கே மேகமலை, நடுவில் நடவு முடிந்த வயல். "மாடியில நின்னா ரெண்டு பக்கமும் மலைதான்ணே. மதினிக்கு ஃபேனே வேணாம்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் ஆடிக்காற்று அவர் தோள் துண்டைப் பறித்துக்கொண்டு போயிற்று. ஃபேன் விஷயத்தில் அவர் பொய் சொல்லவில்லை.

இந்தத் தம்பதி இதற்கு முன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அலைந்தவர்கள். வெயிலும் காற்றும் உள்ள இடத்தில் கடைசிக் காலத்தைக் கழிக்க வேண்டும் என்ற ஆசை ஊர் உலகமெங்கும் உண்டு. அமெரிக்காவில் பனி தாங்காத முதியவர்கள் புளோரிடாவுக்குக் குடிபோகிறார்கள். வெயிலோடு புயலையும் சேர்த்தே வாங்குகிறார்கள். சென்னைக் கடலோரத்தில் உப்புக்காற்று ஜன்னல் கம்பியைத் தின்கிறது, விலையோ சேமிப்பைத் தின்கிறது. கடலே இல்லாத இந்தப் பள்ளத்தாக்கில் தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மலை அந்தப் பக்கமே வாங்கிக்கொள்கிறது. இந்தப் பக்கம் வருவது சாரலும் காற்றும் வெயிலும்.

வெயிலை வாழத் தகுந்ததாக்கியது தண்ணீர். 1895-இல் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை, மேற்கே ஓட வேண்டிய ஆற்றை மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பியது. லோயர் கேம்ப்பில் மின்சாரம் எடுத்த பிறகு அந்தத் தண்ணீர் முல்லைப் பெரியாறாக ஓடிப் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாய்கிறது. அணையில் இருப்பு இருந்தால் ஜூன் 1-இல் முதல் போகத்துக்குத் திறப்பார்கள். லோயர் கேம்ப்பில் 2013-இல் பென்னிகுவிக்குக்கு மணிமண்டபம் திறந்தார்கள். பிள்ளைகளுக்குப் பென்னிகுவிக் என்று பெயர் வைத்த குடும்பங்களும் இங்கே உண்டு. நெல்லை விட்டால் கல்தூண் பந்தலில் திராட்சை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் வெட்டு நடந்துகொண்டே இருக்கும்.

சிக்கலும் இந்த வயலில்தான் தொடங்குகிறது. வரப்பில் நின்று பார்த்தால் நாற்றுக்கு நடுவே ஆங்காங்கே வெள்ளைக் கல் ஊன்றிய மனைகள். அங்கே வீடு கட்டுகிறவர் எந்தப் பச்சையைப் பார்க்க வந்தாரோ, அதையே முதலில் அழிக்கிறார். அடுத்த வருடம் அவருக்கு முன்னால் இன்னொருவர் மாடி எழுப்புவார், மலையும் மறையும்.

அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டது. பிறகு வந்த விதிகள், 2016 அக்டோபர் 20-க்கு முன் பிரிக்கப்பட்ட மனைகளைக் கட்டணம் கட்டி வரன்முறைப்படுத்திக்கொள்ள வழிவிட்டன. ஆகவே விளம்பரப் பலகையில் இருக்கும் பனைமரப் படத்தை விட்டுவிட்டு, டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதிவுக்கான செலவையும் முன்பே கணக்கில் வைப்பது நல்லது. முத்திரைத்தீர்வை, சொத்து மாற்று வரி, பதிவுக்கட்டணம் எல்லாம் சேர்த்து மதிப்பில் 9 சதவீதம். 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக்கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. இதைக் கேட்டதும் அந்த அம்மா கணவரைப் பார்த்த பார்வையில் பத்திரம் யார் பெயரில் என்பது முடிவாகிவிட்டது.

மாலையில் ஊருக்குள் ஒரு பழைய ஓட்டு வீட்டைப் பார்த்தார்கள். நடுவில் முற்றம், தேக்கு உத்தரம், வெள்ளையடிக்க ஆளில்லாமல் சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். வாரிசுகள் திருப்பூர், சென்னை, கேரளம் என்று பிரிந்து கிடக்கிறார்கள். இப்படிப்பட்ட வீட்டில் விலை பேசுவது எளிது. கையெழுத்து வாங்குவதுதான் பாடு. தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குச் சம பங்கு தரும் சட்டம் 1989-லேயே வந்துவிட்டது, நாடு முழுவதற்கும் 2005-இல். "தங்கச்சி வேணாம்னு சொல்லிருச்சு" என்ற வாய்ச்சொல் பத்திரத்துக்கு ஆகாது; அந்தத் தங்கச்சி வந்து கையெழுத்துப் போட வேண்டும். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, நத்தம் பட்டா மூன்றிலும் பெயரும் அளவும் ஒத்துப்போகின்றனவா என்று ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்வது வீண்செலவு அல்ல. இவ்வளவு தொல்லை இருந்தும், வயல்மனையை விட இந்த வீடே மேல். கூரையை மாற்றலாம், வயல்மனையில் தண்ணீர் வடியும் வாய்க்காலை மாற்ற முடியாது.

இங்கே வாழ்வதில் இன்னும் சில சங்கதிகள் உண்டு. விடிவதற்கு முன்பே ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கம்பம்மெட்டுக்கும் குமுளிக்கும் பறக்கும். சாலையோர வீடு என்றால் அலாரம் தேவையில்லை. பெரிய வைத்தியத்துக்கு 2004-இல் தொடங்கிய தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை போக வேண்டும். இதய நோயாளிகள் இந்தத் தூரத்தை யோசித்தே ஆக வேண்டும். அகலப்பாதைக்காக 2010 கடைசியில் நின்ற மதுரை–போடி ரயில் 2022 மே மாதம் தேனிக்குத் திரும்பி, 2023 ஜூனில் போடியைத் தொட்டது. அப்போதே சென்னை சென்ட்ரலுக்கும் நேர் ரயில் ஓடத் தொடங்கியதால், பேரப்பிள்ளைகள் வருவது முன்னைப் போலச் சிரமமில்லை. அதற்குச் சில நாள் முன்னால், 2023 மே 27-இல், வேறொரு விருந்தாளியும் வந்தது. அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் நகருக்குள்ளேயே நுழைந்து ஆட்டோவைச் சேதப்படுத்த, தடை உத்தரவு போட்டு ஊரை வீட்டுக்குள் அடைத்தார்கள். ஜூன் 5-இல்தான் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். மலையடிவாரம் என்றால் காடும் பக்கத்தில்தான்.

வயலில்தான் வீடு வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஐப்பசி மழையில் ஒருமுறை வாருங்கள். மனையில் விழும் தண்ணீர் எந்த வாய்க்காலில் வடிகிறது என்று தரகரிடம் கேட்காதீர்கள். பக்கத்து வயல்காரரிடம் கேளுங்கள்.