பத்து மீட்டர் தோல்வார்

ஜெர்மனியில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 லட்சம் மான்கள் வாகனங்களில் அடிபடுகின்றன என்று ஒரு செய்தியில் படித்தேன். அடிபட்டதும் அங்கேயே விழாமல் காட்டுக்குள் ஓடிவிடும் மான் என்ன ஆகும்? கோட்டிங்கனில் ஆய்வு செய்யும் நண்பரிடம் கேட்டேன். “தேடிப் பிடிக்க அதற்கென்றே நாய் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். வேட்டையில் குண்டு பட்டுத் தப்பிய மானுக்கும் அவர்களைத்தான் கூப்பிடுவார்கள்” என்றவர், ஹார்ட்ஸ் மலையடிவாரத்தில் வாழும் ஓய்வுபெற்ற வனத் தொழிலாளி ஒருவரிடம் அழைத்துப்போனார்.

அவரிடம் இருந்தது ஹனோவர் இனப் பெண் நாய். செம்பழுப்பு உடல், கறுத்த முகம், சுருக்கம் விழுந்த நெற்றி. காயம்பட்ட விலங்கின் தடம் பிடிக்கவென்றே ஹனோவர் அரசரின் வேட்டைத் துறையில் உருவாக்கப்பட்ட இனம் இது. இதைப் பேணும் ‘ஹிர்ஷ்மன்’ சங்கம் 1894-இல் தொடங்கியது.

நாங்கள் போன அன்று காலையிலேயே அழைப்பு வந்தது. முந்தைய மாலை, விருந்தாளியாக வந்த வேட்டைக்காரர் ஒரு பெண் செம்மானைச் சுட்டிருந்தார். குண்டு படவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். வனக்காவலர்தான் தரையில் வெட்டுப்பட்ட ரோமத்தைக் கண்டு, அந்த இடத்தில் ஸ்ப்ரூஸ் கிளையொன்றை நட்டு வைத்திருந்தார்.

பெரியவர் நாயைத் தள்ளிப் படுக்க வைத்துவிட்டு, மண்டியிட்டுத் தரையை ஆராய்ந்தார். நுரைத்த வெளிர் ரத்தம் என்றால் நுரையீரல். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். பச்சையாகத் தழைச்சாறு கலந்திருந்தால் வயிறு. வயிற்றில் குண்டு பட்ட மானை உடனே துரத்தக் கூடாது. பல மணி நேரம் விட்டுவைத்தால் பக்கத்திலேயே படுத்துவிடும். துரத்தினால் கிலோமீட்டர் கணக்கில் ஓடும். அன்று அவர் கையில் அகப்பட்டது வளைந்த எலும்புச் சில்லு. “முன்னங்கால். மூன்று காலில் வெகுதூரம் போயிருக்கும்” என்றார்.

பிறகு தோல்வாரை எடுத்தார். பத்து மீட்டர் நீளம், கொழுப்புத் தடவி மெருகேறியது. அதையும் அகலமான கழுத்துப்பட்டையையும் வேறெதற்கும் பயன்படுத்துவதில்லை. பட்டையைப் பூட்டினால் வேலை தொடங்கிவிட்டது என்று நாய்க்குத் தெரியும். முழு நீளத்தையும் விட்டு அவர் பின்னால் நடந்தார். பட்டம் விடும் சிறுவன் நூலில் காற்றை அறிவதுபோல நாயின் மனதை அந்த வாரில் அறிந்தார். சரியான தடத்தில் இழுவை சீராக இருக்கும். வேறு மானின் புதுத்தடம் குறுக்கிட்டால் வெடுக்கென்று இழுக்கும், அவர் நின்றுவிடுவார். நாய் தானே திரும்பி வந்து பழைய தடத்தைத் தேடும். ரத்தம் ஒரு துளி இல்லாத இடத்திலும் அது போய்க்கொண்டே இருந்தது. குளம்புகள் விட்டுச்சென்ற வாசம், மிதிபட்ட மண்ணின் வாசம் இரண்டும் அதற்குப் போதும். தடம் பிடிக்கும் நாய்களுக்கான ஒரு தேர்வில் 1,000 மீட்டர் தடத்துக்குக் கால் லிட்டர் ரத்தம்தான் தெளிப்பார்கள். அதையும் 20 அல்லது 40 மணி நேரம் ஆறவிட்ட பிறகே நாயை இறக்குவார்கள்.

ஓடையைக் கடந்து, முள்செடிகளுக்குள் புகுந்து, மலைச்சரிவில் வெகுநேரம் ஏறினோம். அடர்ந்த இளமரக் கூட்டத்துக்குள் சடசடவென ஓசை. மான் எழுந்துவிட்டது. வாரைக் கழற்றிவிட்டார். சற்று நேரத்தில் ஒரே இடத்திலிருந்து விடாத குரைப்பு. மானை நாய் மறித்து நிறுத்தியிருந்தது. அவர் மட்டும் போனார். ஒரே ஒரு வெடி. ஓர் இரவு முழுவதும் உடைந்த காலோடு கிடந்த உயிரின் வேதனை அதோடு முடிந்தது.

இதற்கு என்ன கூலி என்று கேட்டேன். “பெட்ரோல் காசு. சிலர் அதையும் மறந்துவிடுவார்கள்” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. சுடும் உரிமைக்குக் கொம்பின் எடையைப் பார்த்து ஆயிரக்கணக்கான யூரோ கட்டணம் வாங்குகிறார்கள். வேட்டைக்காரர்கள் துப்பாக்கிக்கும் தொலைநோக்கிக்கும் செலவழிக்கிறார்கள். இறைச்சி வியாபாரி ‘காட்டின் தூய உணவு’ என்று விலை வைக்கிறார். இத்தனை பேர் கைமாறும் பணத்தில் நாய்க்காரருக்குப் பங்கில்லை. காரணம் எளிது: அவர் கண்டெடுப்பதற்குப் பெரும்பாலும் சந்தையில் மதிப்பில்லை. வயிற்றில் குண்டு பட்டு இரவில் செத்த மானின் இறைச்சி பெரும்பாலும் கெட்டுவிடும். வாகனத்தில் அடிபட்ட மானை உணவாக விற்க அனுமதியே இல்லை. அவர் உழைப்பின் விளைவு ஓர் உயிரின் வலி தீர்வது மட்டுமே. அதற்கு விலை போட வியாபாரத்துக்குத் தெரியாது.

காயம்பட்ட விலங்கை வீணாக வதைபட விடக் கூடாது என்று ஜெர்மன் வேட்டைச் சட்டத்தின் 22அ பிரிவு சொல்கிறது. அந்தக் கடமையின் பாரத்தைச் சுமப்பவர், ஆண்டு முழுதும் தன் காசில் நாய்க்குச் சோறு போடுகிறார். காட்டுப்பன்றி அதன் வயிற்றைக் கிழித்தால் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். சுடும் உரிமைக்கு வாங்கும் கட்டணத்திலேயே தேடுவதற்கான பணத்தையும் முன்கூட்டி வாங்கிவிட வேண்டும். குண்டு பட்டதா இல்லையா என்பதைச் சுட்டவர் சொல்லக் கூடாது; ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் நாய் வந்து சொல்ல வேண்டும்.